மதிலாக நின்ற மேடைச்சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரை வரைவு கிடைத்தது. பிரான்சின் ஓரான்ஜ் நகரிலுள்ள ரோமானிய நாடக அரங்கின் காலம், அளவுகள், அங்குள்ள பேரரசர் அகஸ்டஸ் சிலை எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. அவற்றை மறுபடி சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தாயே, அதுதான் என்னை விடவில்லை. உள்ளே வீடு கட்டிக் குடியிருந்தவர்களை அந்தக் காலத்திலேயே தடுத்திருந்தால் அரங்கம் இன்று முழுதாகக் கிடைத்திருக்காதா என்று கேட்கிறாய்.

கிடைத்திருக்காது. பெரும்பாலும் அரங்கின் மேடைச்சுவரே இன்று இருந்திருக்காது. பழைய கட்டடத்துக்குள் குடியேறியவர்கள் எல்லாரும் அதைக் கெடுத்தவர்கள் என்ற எண்ணம் சுற்றுலாக் கையேடுகளில் மலிந்து கிடக்கிறது. படிக்கிற பிள்ளைகளும் அதையே எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

கொஞ்சம் யோசித்துப் பார். நாடகம் நின்றுபோன பிறகு, ஊரின் நடுவே ஆயிரக்கணக்கான செதுக்கிய கற்கள் காவலின்றிக் கிடக்கின்றன. புதிதாகக் கோயில் எழுப்புகிறவனும் மதில் கட்டுகிறவனும் மலைக்குப் போய்ப் புதுக் கல் வெட்டுவானா? பளிங்கு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். கல்லைக் கல்லோடு பிணைத்த இரும்புக்காகவே சுவரைக் குடைவார்கள். யாருக்கும் பயன்படாத கட்டடத்துக்கு ஊர் நடுவில் நேரும் கதி இதுதான். மண்ணுக்குள் புதைந்தால் தப்பலாம். இல்லையென்றால் யாருக்காவது அது தேவைப்பட வேண்டும்.

ஓரான்ஜின் மேடைச்சுவர் தேவைப்பட்டது. 103 மீட்டர் நீளமும் 37 மீட்டர் உயரமும் உள்ள சுவர் தயாராக நிற்கும்போது பாதுகாப்புக்கு வேறு சுவர் எதற்கு? இடைக்காலத்தில் அது ஊர்க்காவலுக்கு உதவியது. குன்றின் மேலிருந்த ஓரான்ஜ் இளவரசர்களின் கோட்டைக்கு முன்னரணாகவும் நின்றது. பதினாறாம் நூற்றாண்டுச் சமயப் போர்களில் ஊரார் அதற்குள் அடைக்கலம் புகுந்தார்கள். வீடுகள் நெருக்கியடித்து எழுந்தன. 1673இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி மேலே இருந்த கோட்டையை இடிக்க வைத்தான். கீழே சுவர் நின்றது.

இதற்கு எதிர்ச்சான்றைத் தேடி நீ தொலைவு போக வேண்டாம். ரோன் ஆற்றோடு தெற்கே இறங்கினால் ஆர்ல் நகரம். அங்கும் அகஸ்டஸ் காலத்து அரங்கம்தான், அங்கும் பெரிய மேடைச்சுவர் இருந்தது. ஆனால் கிறித்தவம் பரவிய தொடக்க நூற்றாண்டுகளிலேயே அதன் கல்லை எடுத்துத் தேவாலயங்கள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். இன்று மேடையில் முழு உயரத்துக்கு நிற்பவை இரண்டே தூண்கள். அங்கேயும் வீடுகள் இருந்தனவே, அவை ஏன் காப்பாற்றவில்லை என்று நீ மடக்கலாம். நல்ல கேள்வி. அந்த அரங்கின் வெளிச்சுற்றில் மூன்று அடுக்கும் முழுதாக நிற்கும் பகுதி ஒன்று உண்டு. ரோலாந்து கோபுரம் என்பார்கள். இடைக்காலத்தில் ஊர் அரணோடு சேர்த்து அதைக் கோபுரமாக்கினார்கள், அதனால் தப்பியது. ஆகவே வெறுமனே குடியிருந்தால் போதாது. எந்தப் பகுதி அந்தப் பகுதியாகவே தேவைப்பட்டதோ அது நின்றது. கல்லாக மட்டும் தேவைப்பட்டது கல்லாகிப் போனது. வேறு இடங்களிலும் இப்படித்தான். சிரியாவில் போஸ்ராவின் கருங்கல் அரங்கை 13ஆம் நூற்றாண்டில் ஐயூபிய சுல்தான்கள் பெருங்கோபுரங்கள் சூழ்ந்த கோட்டையாக்கினார்கள். கோட்டைக்குள் மண்ணும் கட்டடங்களும் மூடிக்கிடந்ததால் இருக்கை வரிசைகள் குலையாமல் கிடந்தன. ரோமாபுரியின் மார்செல்லஸ் அரங்கின் மேல்தளத்தில் இன்றும் வீடுகள் இருக்கின்றன.

அப்படியானால் ஓரான்ஜின் படிகள் எங்கே போயின? பெரும்பகுதி போயே போயிற்று. நீ படமெடுத்து ‘ரோமானியர் அமர்ந்த படிகள்’ என்று பெயரிட்டிருக்கும் வரிசைகளில் மிகப் பல 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் வைத்த புதுக் கற்கள். பழையவற்றைப் பார்க்க வேண்டுமானால் கீழே முன்வரிசைகளுக்குப் போக வேண்டும். குதிரைவீரர் வகுப்பாருக்கு மூன்று வரிசை என்று பொறித்த எழுத்தும் அங்கே உண்டு. படத்தின் பெயரை மாற்று.

படிகள் போன பிறகும் அவற்றின் வளைவு எப்படித் தங்கியது என்பதற்கு ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸிடம் போக வேண்டும். அவருடைய கட்டடக்கலை நூலின் ஐந்தாம் பகுதியை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு. மலைச்சரிவில் இருக்கைகளை அமைத்தால் அடித்தள வேலை எளிது என்கிறார். ஓரான்ஜில் அப்படித்தான் சென்ட் யூட்ரோப் குன்றின் சரிவில் படிகளைப் பதித்தார்கள். கல்லைப் பெயர்க்கலாம், குன்றைப் பெயர்க்க முடியாது; பின்னால் வந்தவர்கள் அதே வளைவில் மீண்டும் கல் அடுக்க முடிந்தது.

அதே பகுதியில் இன்னொன்றும் சொல்கிறார். நாடகத்தில் லயித்து நெடுநேரம் அசையாமல் இருப்பவர்களின் உடல் துளைகள் திறந்திருக்கும், கெட்ட காற்று எளிதில் புகும். ஆகவே சதுப்பு நிலத்தருகே அரங்கம் கூடாது. தெற்கு பார்த்தும் கூடாது; வளைவுக்குள் வெயில் தேங்கிக் கொதிக்கும். இவரல்லவா கட்டடக்காரர்! பார்வையாளரின் வியர்வையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். ஓரான்ஜில் குன்று தெற்கே, சுவர் வடக்கே; மக்கள் வடக்கு நோக்கித்தான் உட்கார்ந்தார்கள். இதை எழுதாமல் தூண்களின் வகையை மட்டும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறாய்.

ஓரான்ஜ் அரங்கிலிருந்து வீடுகளை அகற்றியது 19ஆம் நூற்றாண்டில். கட்டடக்கலைஞர் கரிஸ்தி சீரமைப்பைத் தொடங்கினார். 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் கண்காணிப்பாளரான எழுத்தாளர் மெரிமேயும் இதில் அக்கறை காட்டினார். 1869இல் அங்கே விழா தொடங்கியது. இன்றும் கோடைதோறும் ஓபரா பாடுகிறார்கள். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய கண்ணுக்கு ரோமானியன் மட்டுமே வரலாறு. பல நூற்றாண்டு அடுப்பங்கரைகள் வெறும் குப்பையாக அள்ளப்பட்டன. எனக்கு இது ஆறவே ஆறாத வருத்தம்.

இதற்கு மாறாக ஸ்பெயினின் கார்ட்டஹேனாவைப் பார். 1988இல்தான் அங்கே அரங்கம் இருப்பதே தெரிந்தது. தோண்டும்போது, அதன் கற்களாலேயே பின்னாளில் எழுப்பிய சந்தை, பைசாந்தியர் குடியிருப்பு என்று ஒவ்வோர் அடுக்கையும் பதிவு செய்தார்கள். மேல் படிகளின் மீது ஏறி நிற்கும் பழைய தேவாலயத்தை இடிக்கவில்லை. ரஃபேல் மொனேயோ வடிவமைத்து 2008இல் திறந்த அருங்காட்சியகத்தில், அந்தத் தேவாலயத்தின் அடியால் நடந்துதான் நீ அரங்குக்குள் நுழைவாய். அங்கே போகாமல் இந்தக் கட்டுரையை முடிக்காதே.

அதற்குள் ஒரு வேலை செய். ஓரான்ஜ் அரங்கின் தரைப்படத்தை எடுத்து, சுவர், பக்கக் கூடங்கள், படிகள், மேடை என்று தனித்தனியாகப் பிரி. ஒவ்வொன்றும் எந்த நூற்றாண்டில் யாருக்கு எதற்குப் பயன்பட்டது, எப்போது கல் பெயர்ந்தது, எப்போது புதுக் கல் வந்தது என்று குறி. குடியிருந்தவர்கள் மீது நீ சுமத்திய பழியை அடித்துவிட்டு அந்த இடத்தில் இதை வை. அடுத்த வரைவை மாத முடிவுக்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்