18 வயதுக்குப் பின் எந்த வழி?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் புனே அருகே தேஹு ரோட்டில் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். முடிவு பெரும்பாலும் முன்பே எடுக்கப்பட்டிருக்கும். தோழன் சேர்ந்த இடம், அல்லது படிக்கப் பணம் தந்தவர் சொன்ன இடம். பெற்றோருடன் வளரும் பிள்ளை தவறாகத் தேர்ந்தால் ஒரு வருஷம் வீணாகும். இவர்களுக்குத் தங்க இடமே போய்விடும்.

சட்டம் தரும் காலத்தை முதலில் மனதில் வையுங்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், அதன் விதிகளின்படி, 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு 21 வரை, சிறப்பு நேர்வுகளில் 23 வரை, பின்பராமரிப்பு உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். இந்த மூன்று வருஷத்துக்குள் சொந்தக் காலில் நிற்கவைக்கும் வழி எது என்பதே கேள்வி.

கல்லூரி, நர்சிங், ஐடிஐ எல்லோருக்கும் தெரிந்தவை. சாக்கன் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனால் காசு உடனே வரும், தொழில் கையில் தங்காது.

நான் எச்சரிக்க விரும்புவது எம்பிஎஸ்சி, அதாவது மகாராஷ்டிரா அரசுப் பணித் தேர்வு மோகத்தைப் பற்றி. மகாராஷ்டிரா அரசு 2018இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அரசு வேலையில் 1 சதவீத இடஒதுக்கீடு தந்தது. அது பெரிய உரிமை. அதற்கான சான்றிதழை இல்லத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஆனால் அதை நம்பி, நல்லெண்ணம் கொண்டவர்களே பிள்ளைகளைப் புனே சதாசிவ் பேட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கோச்சிங், படிப்பறை, மெஸ், அறை வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். தேர்வெழுதப் பட்டம் வேண்டும். பட்டம் முடியும்போது வயது 21. உதவித்தொகை நிற்கிற வேளையில்தான் தயாரிப்பே தொடங்குகிறது. முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று வருஷங்கள் ஓடும். தோற்றால் மற்றவன் ஊருக்குத் திரும்புவான். இவன் எங்கே திரும்புவான்? அந்த 1 சதவீதம் கல்விச் சேர்க்கைக்கும் பொருந்தும். அங்கே முதலில் பயன்படுத்துங்கள்.

நான் ஃபிட்டர் தொழில் பழகியவன். என் மனம் ஐடிஐ பக்கமே சாய்கிறது, கணக்கும் அதையே சொல்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம். பிறகு அப்ரண்டிஸ், அதற்கு உதவித்தொகை உண்டு. 21 ஆகும்போது கையில் தொழில் இருக்கும். லோணாவளா லோக்கலில் பிம்ப்ரி இறங்கினால், மாநகராட்சி நடத்தும் மோர்வாடி ஐடிஐ பக்கம்தான். பட்டம் வேண்டுமென்றால், வேலை பார்த்துக்கொண்டே நாசிக் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எழுதலாம். அதிகாரியாகும் ஆசையை அதன்பின் துணிந்து தொடரலாம்.

தம்பி, தங்கைகளே, எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறீர்களோ, அதுவே உங்கள் திறமை. கை பழக நாளாகும், பொறுத்திருங்கள். அடுத்தவர் வேகத்தைப் பார்த்துப் பாதியில் விடாதீர்கள்.

தேஹு ரோட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு பிள்ளை வாடகைக்கு அறை கேட்டு வந்தால், அப்பா பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் ஒருவருக்காவது வேலை கற்றுக்கொடுங்கள்.