ஊனமுள்ள பூனைக்குட்டியை வளர்க்க நினைக்கிறீர்களா?

பினாங்கின் பாகான் டாலாம் சந்தில் ஒரு குட்டி பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பசும்பால் வயிற்றுப்போக்கைத் தரலாம். பூனைக்குட்டிக்கான பால்மாவே சரி. பனடோல் வேண்டவே வேண்டாம், பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

என்ன குறை என்று தெரிந்தால்தான் செலவு தெரியும். மூன்று கால் குட்டி பெரும்பாலும் தானே பழகிக்கொள்ளும். தள்ளாடித் தலையாட்டும் குட்டிக்குச் சிறுமூளை வளர்ச்சிக் குறை இருக்கலாம். அது வலிக்காது, வயதோடு முற்றாது. வழுக்காத பாயும் ஓரம் தாழ்ந்த மணல் தட்டும் பெரிய உதவி. இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த குட்டிக்குத்தான் உண்மையான உழைப்பு தேவை. தினமும் சில முறை அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டிவரும். தேங்கினால் தொற்று வரும். மருத்துவர் முன்னால் செய்து பழகாமல் வீட்டில் முயலாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எக்ஸ்ரே, அறுவை, முதல் தடுப்பூசிகள், கருத்தடை ஆகியவை தொடக்கச் செலவு. மணல், டயப்பர், மருந்து மாதந்தோறும் வரும். இரண்டையும் கிளினிக்கில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கிலுள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவிலும், மாநிலக் கால்நடைச் சேவைத் துறையிலும் உதவி கிடைக்குமா என்று விசாரியுங்கள். நன்கொடை திரட்டினால், பணம் கொடுத்தவர்களுக்குக் கிளினிக் ரசீதுகளைக் காட்டுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் பாசாரில் விட்டுவிடாதீர்கள். மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.