கதை எங்கேருந்து வருது?

இந்த மாதச் சுவரிதழுக்குப் புத்தகத்தைப் பற்றி எழுதும்படி தமிழம்மா சொன்னார்கள். ‘புத்தகம் படிப்பதால் வரும் நன்மைகள்’ என்று ஏற்கனவே மூன்று பேர் எழுதியாச்சு. அதனால் நான் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

நம் தமிழ்நாட்டில் புதுப் புத்தகங்கள் அதிகமாக வருவது தை மாதத்தை ஒட்டித்தான். காரணம், 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி. அதற்குள் அச்சாகி வந்துவிட வேண்டும் என்று பதிப்பகத்தார் மார்கழி முழுக்க ஓடுவார்கள். வெளியீட்டு விழாவில் ஒருவர் நூலை வெளியிட, இன்னொருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வார். பொன்னாடை, போட்டோ எல்லாம் உண்டு. 2022-லிருந்து மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துவதால் நாமும் புதுப் புத்தகத்தை மோந்து பார்க்க முடிகிறது. (நான் மோந்து பார்த்தேன். நல்லா இருந்தது.)

சரி, இத்தனை புத்தகத்துக்கும் விஷயம் எங்கேருந்து கிடைக்குது?

முதலில் கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அதில் வரும் ரவிதாசன் என்ற சதிகாரனைக் கல்கி சும்மா கற்பனை செய்தார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது இல்லை. காட்டுமன்னார்கோவில் அனந்தீஸ்வரர் கோவில் சுவரில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்த விவரம் அதில் உள்ளது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று அண்ணன் தம்பிகள் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். வந்தியத்தேவன் பெயரும் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் உண்டு, குந்தவையின் கணவர் என்று. ஆனால் அவன் குறும்பும் வாய்த்துடுக்கும் எந்தக் கல்லிலும் கிடையாது. அது கல்கி போட்டது. அதாவது கல்லில் பாதி, மனசில் பாதி. கோவில் சுவரில் நாம் சாய்ந்து உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் இடத்தில் ஐந்து பாகத்துக்கு விஷயம் இருக்கு பாருங்க!

ஆர்.கே. நாராயணுக்கு வேறு மாதிரி. 1930 செப்டம்பரில், பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொல்ல, ஒரு நோட்டு வாங்கி உட்கார்ந்தாராம். என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தபோது மனசில் ஒரு சின்ன ரயில் ஸ்டேஷன் வந்தது. ஊர்ப் பெயர் மால்குடி. அப்படி ஒரு ஊர் எந்த மேப்பிலும் இல்லை. அந்தக் கதையைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கிரகாம் கிரீன் என்ற எழுத்தாளர் கையில் கிடைத்த பிறகுதான் 1935-ல் புத்தகமானது.

ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங்குக்கும் ரயில்தான். 1990-ல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் போகிற ரயில் லேட். கையில் எழுதுகிற பேனா இல்லை. அதனால் மணிக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தாராம். பேனா இல்லாததும் நல்லதாப் போச்சு என்றுதான் எனக்குப் படுகிறது.

எனக்கு எல்லாரையும் விடப் பிடித்தவர் கி. ராஜநாராயணன் (1923–2021). கோவில்பட்டி பக்கத்தில் இடைசெவல் என்ற கரிசல் கிராமம். படிப்பைப் பாதியில் விட்டு விவசாயம் பார்த்தவர். ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலில், ஒரு ராஜாவுக்குப் பயந்து தப்பித் தெற்கே வந்த ஜனங்களின் கதையைச் சொல்வது மங்கத்தாயாரு அம்மாள் என்ற பாட்டி. பாட்டிக்கு வயது 137! ஊர்க்காரர்கள் பேசுகிற சொற்களைச் சேர்த்து அகராதியே போட்டார். படிப்பை முடிக்காத அவரைப் பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது. இதே இடைசெவலில்தான் அவருடைய சிநேகிதர் கு. அழகிரிசாமியும் பிறந்தார். அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991 என்று ஒரே சின்ன ஊருக்கு இரண்டு சாகித்திய அகாதெமி விருது. கடலும் இல்லாத, மலையும் இல்லாத ஊர்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன மாதச் சுவரிதழில் வந்த பதினொன்றில் ஒன்பது, வாரப் பத்திரிகையைப் பார்த்து எழுதியது. கேட்டால் “நம்ம ஊர்ல என்னடி இருக்கு எழுத?” என்கிறார்கள்.

எங்க அப்பத்தா சின்ன வயசில் கமலை இறைத்தவர். கூனை, தும்பி, வடம், வால்கயிறு என்று அவர் சொன்ன சொல் எதுவும் எனக்குத் தெரியாது, எங்க அப்பாவுக்கே பாதிதான் தெரியும். எத்தனை சால் இறைத்தோம் என்று பாட்டிலேயே எண்ணிக்கொண்டு மாடு ஓட்டுவார்களாம். அந்தப் பாட்டைக் கேட்டேன். நாற்பது வரைக்கும் பாடினார். அப்புறம் நின்றுவிட்டது. மறுநாள் கேட்டபோது முப்பதோடு நின்றது. இப்போதெல்லாம் என்னை அத்தை பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ரஃப் நோட்டில் நாற்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன். நூறு வரை உண்டாம்.

நாற்பதுக்கு மேல் உள்ள பாட்டு உங்க வீட்டுத் தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுதி வாங்க. வெள்ளிக்கிழமைக்குள் தமிழம்மாவிடம் கொடுத்தால் அடுத்த இதழில் நானே வரைந்து எழுதி ஒட்டுகிறேன். பாடியவர் பெயரையும் போடுவோம்.

— 9-ஆம் வகுப்பு மாணவி