பீடிங்குக்கு அடியில்

வட்டகொடையில் கார் வைத்திருப்பவருக்குக் கதவுப் பீடிங் வெறும் அலங்காரமல்ல. கொழுந்து லொறிக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது மண்மேட்டில் முதலில் உரசுவது அதுதான். ஆனால் 1980களில் ஓடத் தொடங்கிய கோரோலா டீஎக்ஸ் வேகனில் அந்த ரப்பர் பட்டை இத்தனை வருடமாக இன்னொரு வேலையும் பார்த்திருக்கும்: மழைத்தண்ணீரையும் சேற்றையும் தனக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கும். ஹயருக்கு ஓடி உரமூட்டை ஏற்றிய வண்டியென்றால் உரத்தூளும் சேர்ந்திருக்கும். யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் தகட்டை அரிக்கும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜப்பான் கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இரும்புக்கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகளுக்கெல்லாம் டிங்கர் வேலை நடந்தது. பீடிங்கைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, பக்கவாட்டை மொழுமொழுவென்று ஆக்கும் ஆசை அப்போதுதான் இங்கே பலருக்கும் வந்தது. எனக்கும் வந்தது. என் வேகனை வீட்டு முற்றத்தில் வைத்து முடிந்ததை நானே செய்தேன். வெல்டிங்குக்கு மட்டும் தலவாக்கலையிலிருந்து டிங்கர் பாஸ் ஒருவரை வரவழைத்தேன்.

ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் கலண்டரைப் பாருங்கள். நம் மேற்குச் சரிவில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் ஓரளவு நம்பக்கூடிய வெயில்காலம். அந்த மாதங்களிலும் கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலே இருக்கிறோம் என்பதைக் காலைக் குளிர் ஞாபகப்படுத்தும். குளிரில் பழைய பிளாஸ்டிக் விறைத்து நிற்கும், இழுத்தால் பட்டென்று முறியும். பசையும் இளகாது. கழற்றும் வேலை பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வெயிலில் நடக்க வேண்டியது.

முதலில் வண்டியைக் கழுவித் துடைத்து, கதவின் உள்பலகையைக் கழற்றிப் பாருங்கள். நட்டு போட்டதா, கிளிப்பா, வெறும் பசையா என்பது உள்ளிருந்துதான் தெரியும். கிளிப் என்றால் உள்ளேயிருந்து அதன் காதுகளை அமுக்கித் தள்ளலாம். வெளியிலிருந்து நெம்பினால் கிளிப்போடு கதவுத் தகடும் வளையும். திரும்பப் பூட்டும் எண்ணமிருந்தால் உடைந்த கிளிப்புகளையும் எறியாதீர்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாயால் விளக்குவதைவிட உடைந்த துண்டைக் காட்டுவதில் வேலை சீக்கிரம் முடியும்.

பசையால் ஒட்டியதற்கு ஹெயார் டிரையர் போதும். இல்லையென்றால் சுடுதண்ணீரில் நனைத்த துவாயைச் சில நிமிடம் மேலே போட்டு வையுங்கள். பிறகு தங்கூஸ் நூலைப் பட்டைக்குப் பின்னால் கொடுத்து இரண்டு பக்கமும் அறுப்பதுபோல் இழுத்தால் பெயிண்டில் கீறல் விழாமல் கழன்று வரும். நெம்பத்தான் வேண்டுமென்றால் சீவிய மூங்கில் சில்லு நல்லது. மிஞ்சும் பசையைப் பெருவிரலால் உருட்டி எடுங்கள், மிச்சத்துக்கு மண்ணெண்ணெய். தின்னர் பழைய பெயிண்டைத் தூக்கிவிடும். மண்ணெண்ணெய் பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் விட்டால் புதுப் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

பட்டை போனதும் மூன்று விஷயம் தெரியும்: வெயில் படாத பழைய நிறம், ஆணி ஓட்டைகள், ஓட்டைகளைச் சுற்றித் துரு. பெயிண்ட் கொப்பளித்திருக்கும் இடத்தை ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது பட்டி பூசி நிரப்பும் இடமல்ல, தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைக்க வேண்டிய இடம்.

ஆணி ஓட்டைகளையும் வெல்ட் வைத்துத்தான் அடைக்க வேண்டும். ஓட்டையில் பட்டியை அப்பினால் வெளியே ஒரு மழைக்காலம் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் பின்பக்கமாக அதை நனைத்து, அடுத்த மழைக்கு வட்டமாகத் தூக்கும். மிக் வெல்டிங் என்றால் பின்னால் ஒரு செம்புத் தகட்டைப் பிடித்து, பொட்டுப் பொட்டாக, ஒரே இடத்தில் நிற்காமல் மாறி மாறி வைக்கச் சொல்லுங்கள். செம்பில் வெல்ட் ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும். காஸ் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டை நெளியவைத்துவிடும். பிறகு அந்த நெளிவை எடுப்பதே தனி வேலை. பேட்டரி வயரைக் கழற்றுங்கள், கதவிலுள்ள பஞ்சு, வயர் எல்லாவற்றையும் அகற்றுங்கள். பின்பக்க வேலை பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வந்தால் டேங்கை இறக்காமல் தொடவே வேண்டாம்.

பக்கவாட்டை மொழுமொழுவாக்கும் ஆசை புதிதல்ல. 1940களின் கடைசியில் கலிபோர்னியாவில் குரோம் பட்டைகளையும் கைப்பிடிகளையும் எடுத்துவிட்டுக் கார்களை வழுவழுப்பாக்கும் மோகம் இருந்தது. பொலியெஸ்டர் பட்டி 1950களின் நடுவில்தான் வந்தது. அதற்கு முன் ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கிப் பூசினார்கள். புகை நஞ்சு, கை திருந்த நாள் பிடிக்கும். ஆனால் ஈயம் தண்ணீர் குடிக்காது. பட்டி குடிக்கும். இந்த மலையில் பாடி வேலையின் தலைவலியில் பாதி இதனால் வருவது.

அதனால் பட்டி வைத்த இடத்தில் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது, உலர்வாகவே தேய்க்க வேண்டும். வாட்டர் பேப்பர் பிரைமருக்கு மேலேதான். தேய்த்த பட்டியைத் திறந்தபடி இரவு விட்டுவைக்கவும் கூடாது. மாலையில் மூடுபனி இறங்குவதற்குள் பிரைமர் அடிக்க முடியாதென்று தெரிந்தால் அன்றைக்குப் பட்டி கலக்கவே கலக்காதீர்கள்.

கலவையிலும் குளிர் விளையாடும். பட்டிக்கு ஹார்ட்னர் சுமார் 2 வீதம். குளிரில் இறுக நேரமாகிறதென்று கூடக் கொஞ்சம் பிழிவதைப் பல கராஜ்களில் பார்த்திருக்கிறேன். மிஞ்சிய ஹார்ட்னர் பிறகு மேல் பெயிண்ட் வழியாக மஞ்சள் கறையாக ஊறி வரும், வெள்ளைக் காரில் இன்னும் மோசம். அளவைக் கூட்டாமல் தகட்டை டிரையரால் வெதுவெதுப்பாக்குங்கள். தேய்த்து முடித்த பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் நின்றால் பள்ளத்தைச் சுத்தியலால் இன்னும் எடுக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

தேய்க்க நீளமான கட்டை வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் போன பாதையெல்லாம் வாய்க்கால். 80ஆம் நம்பர் பேப்பரில் தொடங்கி 180, பிறகு 320. நடுவில் கறுப்பு ஸ்பிரேயை மேலாகத் தூவித் தேய்த்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். “தம்பி, மெல்லிசுத் துணிய கையில சுத்திக்கிட்டு கண்ண மூடித் தடவுங்க, பள்ளம் எங்கன்னு தெரியும்” என்றார் பாஸ். வெறுங்கைக்குத் தட்டுப்படாத மேடும் துணி சுற்றிய கைக்குத் தட்டுப்பட்டது. தேய்க்கும் நேரம் முழுக்க நல்ல மாஸ்க் போட்டிருங்கள்.

பெயிண்ட்டை முற்றத்தில் அடிக்க நான் துணியவில்லை. ஹார்ட்னர் கலந்த டூ-கே பெயிண்டின் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. எங்கே கொடுத்தாலும், அடிக்கும் முன் ஈரத் துணியால் தகட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் அது காயவில்லையென்றால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஈரக் காற்றில் அடித்த என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயிண்ட் பால் படர்ந்ததுபோல் வெளுத்துப்போகும். நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அதே நிறம் அடித்தால் அந்த அலைச்சல் இல்லை.

கதவுப் பீடிங்கை நான் திரும்பப் பூட்டவில்லை. ஒதுங்கும்போது இப்போது கூடுதலாக ஓர் அடி இடம் விடுகிறேன். பின்கதவுப் பெயர்ப் பட்டையின் ஓட்டைகளை மட்டும் அடைக்கவில்லை. சுற்றிலும் பிரைமர் தொட்டு, ரப்பர் வளையம் வைத்து, பழைய பட்டையையே பூட்டினேன். டீஎக்ஸ் வேகன் வாங்க வருபவர்கள் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள், அசலா என்று.