சமணவியல் முதுகலை: இறுதியாண்டுத் திட்டம்

சமயக் கல்வியை முதுகலைப் பாடமாக ஏற்றுப் பயில்வோர் நம் குடும்பங்களிலும் உளர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமணவியலுக்கெனத் தனித்துறையே உண்டு. முதலாண்டில் பிறர் வகுத்த பாடத்தைக் கற்கிறோம். இறுதியாண்டில் நாமே ஒரு வினாவை எழுப்பி ஆய்வேட்டில் விடை காண வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதுங்கால் நோக்கம், துணைக்கருவி, கால அளவு, மதிப்பீடு என வகுத்துக்கொள்வோம். ஆய்வேட்டிற்கும் அம்முறை பொருந்தும். சல்லேகனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

1. நோக்கம்

'சமணத்தில் சல்லேகனை' எனத் தலைப்பிட்டால் ஓராண்டில் கரையேற இயலாது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் 150 செய்யுட்கள் கொண்ட சிறு நூல். அதனைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. 'சல்லேகனையைக் கூறுமிடத்து வடநூற் கருத்துகளுள் தமிழாசிரியர் கொண்டவை எவை, விடுத்தவை எவை?' என்று வினவுக. இவ்வினா ஓராண்டுக்குள் அடங்கும்.

2. துணைக்கருவி

மூலநூல் கைக்கு வருமுன் தலைப்பை உறுதி செய்யலாகாது. வடமொழி மூலத்தைப் பிறர் உதவியுடனேனும் நேரிற் படித்தல் வேண்டும். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டு உண்டு. நூல் கூறும் நெறி வாழ்வில் நின்றமைக்கு அது சான்று.

3. கால அளவு

ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் நன்று. ஏப்ரலில் ஒப்படைப்பதாயின், மார்ச்சு திருத்தத்திற்கும் தட்டச்சிற்கும் உரியது. சனவரி, பிப்ரவரி எழுதுதற்கு உரியவை. திசம்பரில் குன்றினைக் கண்டு வரலாம். சூலை முதல் நவம்பர் வரை படிப்பும் குறிப்பெடுப்பும். முனிவர்கள் ஓரிடத்தே தங்கும் சாதுர்மாசியம் இக்காலத்தே வருவதால், ஐயங்களை எழுதிக்கொண்டு சென்று கேட்டுத் தெளியலாம். தசலட்சண பருவத்தின் 10 நாட்களையும் வழிபாட்டிற்கென முன்னரே ஒதுக்கிவிடுக.

4. மதிப்பீடு

நம் பிள்ளைகள் பெரிதும் இடறுமிடம் இதுவே. பிறந்த சமயத்தைப் பற்றி எழுதுங்கால் பேனா துதிபாடத் தொடங்கிவிடுகிறது. இராசத்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டு 10 அன்று சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்தது. அம்மாதம் 31 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இத்தகைய பொருளில் உணர்ச்சியுரை எவரையும் தெளிவிக்காது. சமந்தபத்திரரோ தீர்வற்ற இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகிய நிலைகளிலேயே இதனை விதிக்கிறார். வாழ விரும்புதலைப் போலவே சாக விரும்புதலையும் குற்றமென்கிறார். இவற்றைச் செய்யுள் எண்ணுடன் காட்டினால், சமணரல்லாத தேர்வாளரும் ஏற்பார். நமக்கு ஒவ்வாத வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எழுதி, அதன் பின்னரே விடை கூறுதல் வேண்டும். நற்காட்சியும் நன்ஞானமும் இணைந்து நிற்பதும் அவ்வாறே.

பெற்றோர்க்கு ஒரு சொல்: எழுதும் இரு மாதங்களில் பிள்ளைகளைத் திருமண வீடுகளுக்கு அழையாதிருப்பதும் ஞானதானமே.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் ஆய்வு வினாவை ஒரே வாக்கியத்தில் எழுதுக.
2. அதற்குரிய மூலநூல்களுள் உங்கள் கையில் உள்ளவை எவை?
3. உங்கள் முடிவை மறுப்பவர் கூறத்தக்க வலிய வாதம் யாது?