முதல் அடி வைக்கும் முன்னே: குதிகால் வலிக்கு நாமே செய்யும் வைத்தியம்



பிள்ளையார்பாளையம் பக்கம் குழுக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் பார்ப்பது இது. கூட்டம் முடிந்து எழுந்ததும் நாலு பேராவது சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். பத்து அடி நடந்தால் குறையும். மறுநாள் பாயை விட்டு எழுந்தால் திரும்பவும் அதே வலி. ஒரு அக்கா எக்ஸ்ரே, ஊசி செலவுக்கென்று 4,000 ரூபாய் உள்கடனே கேட்டுவிட்டார். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

இது என்ன வலி?

குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடி வரை உள்ளங்காலில் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். அது குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்துபோனால் வலிக்கும். நாம் குதிகால் வாதம் என்கிறோம். டாக்டர்கள் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். நாற்பது வயது தாண்டியவர்கள், எடை கூடியவர்கள், நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள், கெண்டைக்கால் சதை இறுகியவர்கள் ஆகியோருக்கு இது அதிகம்.

நாம் உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் அந்தப் பட்டை இறுகிவிடுகிறது. எழுந்து கால் ஊன்றியதும் வெடுக்கென்று இழுபடுகிறது. குழித்தறியில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுபவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை 'முதல் அடி' என்று எண்ணிப் பாருங்கள்!

என்ன செய்யலாம்?

1. முதல் அடிக்கு முன்: உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மற்ற தொடைமேல் போடுங்கள். கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். உள்ளங்கால் விறைப்பாக வரும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, தினம் மூன்று வேளை. தறியை விட்டு எழும் முன்னும் செய்யுங்கள். இந்தப் பயிற்சி நல்ல பலன் தருவதை 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது.

2. சுவர்ப் பயிற்சி: சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வையுங்கள். முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள். முப்பது எண்ணுங்கள். மூன்று முறை.

3. பாட்டில் உருட்டல்: குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் வைத்து ஐந்து நிமிடம் உருட்டுங்கள்.

4. செருப்பு: தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடுங்கள். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று கேட்பார்கள். மெத்தென்ற ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் கல் தரை என்பதால் நடுநடுவே உட்காருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். கால் குணமான பிறகு போகலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

எதைச் செய்யக் கூடாது?

செங்கல்லைச் சுட வைத்து எருக்க இலை போட்டு மிதிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. கால் மரத்திருந்தால் சுடுவது தெரியாது. கொப்புளம் புண்ணாகி, காலையே எடுக்கும் நிலை வரலாம். அவர்களுக்கு ஐஸ் ஒத்தடமும் வேண்டாம்.

கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடாதீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டையே அறுந்துபோகலாம். எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கு' என்றால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அப்படி இருக்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கால் மரத்துப்போனால், வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் வந்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால், விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

பொறுமை வேண்டும். பயிற்சியின் பலன் தெரிய ஆறேழு வாரமாவது ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும். கடன் கேட்ட அக்கா மூன்று மாதமாக விடாமல் செய்கிறார். "பாதி வலி போச்சு" என்கிறார். அந்த 4,000 ரூபாய் குழுவிலேயே இருக்கிறது.

கூட்டத்தில் பேசுவோம்

• நம் குழுவில் எத்தனை பேருக்குக் குதிகால் வலி? அவர்களில் எத்தனை பேர் சர்க்கரை பரிசோதனை செய்திருக்கிறோம்?
• இந்த வலிக்கு இதுவரை எவ்வளவு செலவு செய்தோம்?
• கூட்டம் முடிந்து எழும் முன் எல்லோரும் சேர்ந்து முதல் பயிற்சியைச் செய்வோமா?