‘ஸ்லீப்பர்’ என்ற சொல்லை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள்

நம் ஊரில் ‘ஸ்லீப்பர்’ என்றால் ஏசி இல்லாத பெட்டி, கைக்கு அடங்கும் கட்டணம். ஐரோப்பாவின் இரவு ரயில்களில் அதே சொல் இருப்பதிலேயே விலை கூடிய இடத்தைக் குறிக்கும். ஒருவரோ இருவரோ மூவரோ மட்டும் படுக்கும் அறை, முகம் கழுவத் தொட்டி, சிலவற்றில் கழிப்பறையும் ஷவரும்கூட இருக்கும். நம் ஸ்லீப்பருக்கு அங்கே இணை ‘கூஷெட்’. நான்கு அல்லது ஆறு பெர்த், தலையணை, போர்வை, உள்ளிருந்து தாழிடும் கதவு. அதற்கும் கீழே வெறும் இருக்கை. விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படும் குறைந்த தொகை பெரும்பாலும் இந்த இருக்கைக்குத்தான்.

காசை மிச்சம் பிடிக்க நானும் ஒரு முறை அப்படி உட்கார்ந்தே போனேன். எதிரில் இருப்பவரின் முழங்கால் இடிக்காமல் காலை நீட்ட முடியவில்லை. பல வருடம் பார்க்க ஏங்கிய ஊரை மறுநாள் அரைத் தூக்கத்தில் சுற்றினேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அதனால் சொல்கிறேன்: கூஷெட்டாவது கிடைத்தால் ஏறுங்கள், இருக்கைதான் மிச்சம் என்றால் பகல் ரயிலில் போங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் பெண்களுக்கு மட்டுமான கூஷெட் அறைகள் உண்டு. 2023 டிசம்பர் முதல் ஓடும் புதிய பெட்டிகளில் ஒருவர் மட்டும் படுக்கும் குட்டி அறைகளும் வந்துவிட்டன.

“ஹோட்டல் வாடகை மிச்சம்” என்பது அடுத்த நம்பிக்கை. சில நாளில் உண்மை, பல நாளில் பொய். விமான டிக்கெட் போலவே தேவைக்கேற்ப விலை ஏறும். கோடையில் கடைசி வாரத்தில் தனி அறை எடுத்தால், பகல் ரயில் டிக்கெட்டையும் ஒரு நல்ல ஹோட்டலையும் சேர்த்ததைவிடக் கூடுதலாகிவிடக்கூடும். இதை ரயில்காரர்களின் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் அறைப்பெட்டியில் 36 பேர் படுத்தாலே அதிகம். பகல் ரயிலில் ஓர் இருக்கையை ஒரே நாளில் மூன்று நான்கு பேருக்கு விற்கலாம். படுக்கையை இரவுக்கு ஒருவருக்குத்தான் விற்க முடியும். விரிப்புச் சலவை, பெட்டிக்கான பணியாளர், கடக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தண்டவாளத்துக்குக் கட்டணம் என்று செலவு அடுக்கடுக்காக ஏறும். யூரெயில் பாஸ் வைத்திருந்தாலும் படுக்கைக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். ஏழு மணிக்கு இறங்கினால் ஹோட்டல் அறை பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“படுத்தால் விடியும்வரை அசையாது” என்று நம்பி ஏறுகிறவர்களும் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றிலும் கம்பியில் ஓடுவது 15,000 வோல்ட் மாறுமின்சாரம். இத்தாலியின் பழைய பாதைகளில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம். ஆகவே வழியில் எஞ்சின் மாற்ற வேண்டி வரலாம். அதோடு, வியன்னாவிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் இத்தாலிக்குப் போகும் ரயில்கள் சால்ஸ்பர்க், ஃபில்லாக் போன்ற நிலையங்களில் பெட்டிகளைக் கழற்றி மாற்றிக் கோக்கும் வழக்கமும் உண்டு. நள்ளிரவில் ஒரு குலுக்கல் வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் பெட்டி எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள். நண்பரோடு பேச வேறு பெட்டிக்குப் போய் அங்கேயே தூங்கிவிட்டால் விடியும்போது வேறு ஊரில் இருப்பீர்கள். ஷெங்கன் நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கியது. பாஸ்போர்ட்டைப் பயணப்பெட்டியின் அடியில் புதைக்காமல் தலைமாட்டில் வையுங்கள்.

மயக்க வாயுவை அறைக்குள் அடித்துவிட்டுத் திருடுகிறார்கள் என்ற கதையைப் பயணிகள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். வீட்டு வேன்களில் தூங்குவோரைப் பற்றி இதே கதை பரவியபோது, பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெடிஸ்ட்ஸ் அப்படிச் செய்ய முடியாது என்று விளக்கமே வெளியிட்டது. ஈதர், குளோரோஃபார்ம் போன்றவை ஓர் அறை முழுவதையும் நிரப்ப ஏராளமாக வேண்டும். அளவு கூடினால் உயிரே போய்விடும். அசதியில் ஆழ்ந்து தூங்கியவரின் கைப்பையைத் தாழிடாத கதவு வழியே எடுத்துப் போக வாயு எதற்கு? தாழ்ப்பாளைப் போடுங்கள், அது போதும்.

இரவு ரயில்கள் ஐரோப்பா முழுக்கத் திரும்பி வந்துவிட்டன என்று பத்திரிகைகள் எழுதும்போது எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை ரயில்களை நிறுத்தியது, அதில் ஒரு பகுதியை ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. பாரிஸ்–வியன்னா சேவை 2021 டிசம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கி, பிரான்ஸ் அரசு மானியத்தை நிறுத்தியதால் 2025 டிசம்பரில் நின்றுபோனது. மாட்ரிட்–லிஸ்பன் இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றது, நின்றதுதான். நண்பர் போன வருடம் போன ரயில் இந்த வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணை ஒவ்வொரு டிசம்பரிலும் மாறும்.

சரி, எடுக்கலாமா வேண்டாமா? பகல் ரயில் எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று முதலில் பாருங்கள். வியன்னா–ப்ராக் நான்கு மணி நேரம். அதற்கு இரவு எதற்கு? எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் யோசிக்கலாம். வியன்னா–ரோம் போன்ற தூரத்துக்குத் தயங்கவே வேண்டாம். மறுநாள் காலை விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் மட்டும் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 25 சதவீதமும் இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் கட்டணம் திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் தவறவிட்ட விமானம் கிடைக்காது.

ஜன்னலோரக் காட்சிக்காக இரவு ரயில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்ப்ஸ் இருட்டிலேயே கடந்துவிடும். வியன்னா–வெனிஸ் பகல் ரயில் போகும் பாதையில் 1854-இல் கட்டி முடித்த செம்மரிங் மலைப்பாதை இருக்கிறது, யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். இரவு ரயிலின் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். ஆகவே வெனிஸுக்குப் போகும்போது இரவு ரயிலில் போங்கள். காலையில் கண் விழித்தால் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் பாலத்தின் இருபுறமும் தண்ணீர். திரும்பும்போது பகல் ரயிலில் செம்மரிங்கின் கல் பாலங்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.